டீசலுக்கும் குளிரெடுக்கும்

"கார் ஸ்டார்ட் ஆச்சும்மா. ரெண்டு நிமிஷம் நல்லா ஓடுச்சு. அப்புறம் அப்படியே அடங்கிருச்சு."

கடந்த ஜூலையில் ஒரு காலை, வானொலியில் என் நிகழ்ச்சி முடிந்த கையோடு வந்த அழைப்பு அது. பேசியவர் என் அத்தான். சுவாவில் எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது சிட்னியில் குடும்பத்தோடு இருப்பவர். மலேசியாவிலிருந்து போயிருந்த மாமாவுக்குப் பனியைக் காட்ட வேண்டுமென்று, தம்முடைய இருபது வருடப் பழைய டீசல் ஜீப்பில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திரெட்போ மலைக்குப் போயிருக்கிறார். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 6 டிகிரி. அன்றிரவே மாமாவுக்கு கோலாலம்பூர் விமானம். சிட்னிக்குத் திரும்ப ஐந்தாறு மணி நேரப் பயணம் இருக்கிறது. காருக்குள் இரண்டு பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "டேய், சும்மா அடிச்சுக்கிட்டே இருக்காதே. பேட்டரியும் போயிரும்."

மாமாவுக்கு டீசல் புதிதல்ல. சுவாவிலிருந்து போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் மெர்சிடிஸ் 200டி டாக்சி ஓட்டியவர். அந்தக் காலத்து வெளியூர் டாக்சிகள் பலவும் அந்த ரகம்தான்.

பொறி இல்லாத இயந்திரம்

பெட்ரோல் காரில் எண்ணெயைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசலில் அது கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினைந்து, இருபது மடங்கு வரை நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமல்லவா, அதே கதைதான். நெருக்கப்பட்ட காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. 1897-ல் அவருடைய இயந்திரம் வெற்றிகரமாக ஓடியது. 1936-ல் மெர்சிடிஸ் 260டி வந்தபோது டீசல் சாதாரணக் காருக்குள்ளும் குடியேறியது.

ஆக, டீசலுக்கு நெருப்பு என்பதே சூடான காற்றுதான். இயந்திரத்தின் இரும்பு குளிர்ந்திருந்தால், நெருக்கும்போது உண்டாகும் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் குளோ பிளக். பட்டறைக்காரர்கள் வாயில் ஹீட்டர் பிளக். மின்சாரத்தில் அதன் முனை 800 டிகிரிக்கு மேல் பழுத்து, டீசல் பற்றிக்கொள்ளக் கை கொடுக்கும்.

மாமாவின் டாக்சியில் இதற்கென்று டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். பாதி இழுத்துப் பிடித்தால், பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பி மெல்லச் சிவக்கும். நன்றாகச் சிவந்த பிறகு முழுதாக இழுத்தால் இயந்திரம் உறுமும். சின்ன வயதில் நாங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். சுவாவின் விடியற்காலை 23 டிகிரியிலேயே அவ்வளவு பொறுமை தேவைப்பட்டது.

அந்தப் பழைய வண்டிகளில் நான்கு பிளக்குகளையும் தீபாவளிச் சரவிளக்குபோல் ஒரே வரிசையில் கோத்திருப்பார்கள். ஒன்று போனால் நான்கும் போச்சு. கம்பி சிவக்கவில்லையென்றால் விஷயம் அதுதான் என்று மாமா இறங்கிவிடுவார். பிற்காலத்து டீசல்களில் ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு. ஒன்று கெட்டாலும் வண்டி ஓடும். அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. நம் ஊர் வெயிலில் இரண்டு பிளக் செத்த வண்டிகூட எப்படியோ கிளம்பிவிடும். குளிர் நாட்டில் அந்தக் குட்டு முதல் இரவே வெளிப்பட்டுவிடும்.

எண்ணெயும் உறையும்

ஆனால் அத்தானின் வண்டியில் குளோ பிளக் கெடவில்லை. ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடம் ஓடியதே அதற்குச் சாட்சி. அங்கே உறைந்தது டீசல்.

டீசலில் இயற்கையாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது துகள் துகளாகத் திரளும். முதலில் எண்ணெய் கலங்கும், பிறகு அந்தத் துகள்கள் ஃபில்டரை அடைக்கும். குழாயில் மிச்சமிருந்த எண்ணெயில் வண்டி கொஞ்சம் ஓடும். அது தீர்ந்ததும் நின்றுவிடும். அத்தான் சிட்னியிலேயே டாங்கை நிரப்பிக்கொண்டு மலையேறியிருக்கிறார். ஆஸ்திரேலியப் பனிமலை அடிவாரத்தில் கூமா, ஜிண்டபைன் போன்ற ஊர்களில் 'ஆல்பைன் டீசல்' என்று குளிர் தாங்கும் எண்ணெய் தனியாக விற்கிறார்கள். அந்த ஊர்களைத் தாண்டித்தான் போயிருக்கிறார், வண்டியை நிறுத்தவில்லை.

நம் நாட்டிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு, அது சுவாவிலிருந்தே புறப்படுகிறது. எங்கள் தாத்தா காலத்தில் ரப்பர் மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அந்தச் செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் உயிரி டீசலை 2011 முதல் 5 விழுக்காடு கலக்கத் தொடங்கினார்கள். தொடக்கத்திலேயே அந்தத் திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. 2019-ல் போக்குவரத்து வாகனங்களுக்கான கலவை 10 விழுக்காடானது.

கலக்காத செம்பனை டீசல் ஏறக்குறைய 15 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும். குளிர்சாதன அறையில் வைத்த தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். பத்துக்கு ஒன்று என்று கலக்கும்போது இந்தச் சிக்கல் மிகவும் குறைந்துவிடும். இருந்தாலும், கேமரன் மலையில் 1978 பிப்ரவரியில் 7.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. உயிரி டீசல் திட்டத்தை விரிவாக்கியபோது குளிர்ந்த மலைப்பகுதிகளை ஒதுக்கி வைத்ததற்கு இந்தக் கவலைதான் காரணம். மலேசிய செம்பனை வாரியம், பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை உறையாத செம்பனை டீசலையும் உருவாக்கியிருக்கிறது. குளிர் நாடுகளுக்கு விற்க அது தேவைப்பட்டது.

லடாக்கில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே லாரி ஓட்டுநர்கள் டாங்குக்கு அடியில் நெருப்பு மூட்டி டீசலை இளக்குவது வழக்கமாக இருந்தது. உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை இறுகாத குளிர்கால டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வண்டி சொல்லும் அடையாளம்

அன்று மாமா சொன்னது சரி. குளிரில் பேட்டரிக்கும் பலம் குறைகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அதன் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். இயந்திர ஆயிலோ தேன்போல் கெட்டியாகி, சுழற்றவே கூடுதல் பலம் கேட்கும். மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். ஆகவே முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

* இயந்திரம் முனகிக்கொண்டு மெதுவாகச் சுழன்றால், குறை பேட்டரியில் அல்லது கெட்டியான ஆயிலில்.
* வேகமாகச் சுழன்று, புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தும் பற்றவில்லையென்றால், டீசல் போய்ச் சேர்கிறது, சூடுதான் இல்லை. குளோ பிளக்கைப் பாருங்கள்.
* வேகமாகச் சுழன்றும் புகையே இல்லையென்றால், அல்லது ஸ்டார்ட் ஆகிச் சற்று நேரத்தில் நின்றால், எண்ணெய் அடைத்திருக்கிறது.

குளிரில் கிளப்பும் முறையும் எளிதுதான். விளக்கு, ரேடியோ, காற்றாடி எல்லாவற்றையும் அணையுங்கள் (வானொலிக்காரி சொல்கிறேன், ரேடியோவையும்தான்). சாவியை ஒரு படி திருப்பி, சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருங்கள். மிகவும் பழைய வண்டியென்றால் இன்னொரு தடவை சூடேற்றுங்கள். கிளட்ச் இருந்தால் முழுக்க மிதியுங்கள். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுழற்றாதீர்கள். பற்றாவிட்டால் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி முயலுங்கள். கிளம்பியதும் உடனே உறும விடாமல் மெதுவாக ஓட்டுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. குளோ பிளக் உள்ள வண்டியில் ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். பழுத்த முனையில் பட்டதும் நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கலாம். டாங்குக்கு அருகில் நெருப்பு கூடவே கூடாது. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய யோசனையை இக்கால டீசல் கார்களில் செய்து பார்க்காதீர்கள், அவற்றின் பம்பும் இன்ஜெக்டரும் தாங்காது.

அன்று சாலை உதவிக்கு வந்த மெக்கானிக், ஃபில்டரைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியைக் கட்டினார். இரண்டு மூன்று தடவை துணி மாற்றியதும் மெழுகு இளகியது. பதினொரு மணிக்கு வண்டி கிளம்பி, ஜிண்டபைனில் நின்று ஆல்பைன் டீசலை நிரப்பிக்கொண்டு போனது. மாமா விமானத்தைப் பிடித்துவிட்டார்.

நம் பிள்ளைகள் பலர் இன்று மெல்பர்னிலும் சிட்னியிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே மலிவாகக் கிடைக்கும் பழைய டீசல் வண்டியை வாங்குகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பனிமலைக்குப் போவதென்றால், டாங்கில் பாதிக்கும் குறைவான எண்ணெயோடு அடிவாரம் வந்து, மீதியை ஆல்பைன் டீசலால் நிரப்பச் சொல்லுங்கள். சிட்னியிலிருந்து போனால் கூமா அல்லது ஜிண்டபைன். மெல்பர்னிலிருந்து போனால் மேன்ஸ்ஃபீல்ட் அல்லது பிரைட். வாடகைக் காராக இருந்தால், எடுக்கும்போதே பெட்ரோலா டீசலா என்று கேட்டுவிடுங்கள்.