முழங்கை கற்பித்த பாடம்

கல்முனைக் கடற்கரை மணலிலே ஒரு மாலை, எல்லே ஆட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மூங்கில் தடியுடன் நின்றாள் என் மாணவி ஒருத்தி. அடிப்பவருக்கு வாய்ப்பு மூன்றே, மூன்றையும் தவறவிட்டாள். “இன்னும் பலமாக வீசு!” என்று கூவினேன். மீண்டும் வீசினாள்; மீண்டும் பிழைத்தது.

“எனக்கு இது வராது, சேர். நாளைக்கு நான் வரல்ல” என்றாள்.

அப்போதுதான் அவளுடைய கைகளைக் கூர்ந்து நோக்கினேன். வீசத் தொடங்கும்போதே முழங்கைகளை நீட்டிவிடுகிறாள். நீட்டிய கை பெருவட்டமாகச் சுற்றும். ஆதலால் தடி பந்துக்குப் பிந்தியே வரும். பலம் கூடினாலும் இக்குறை தீராது.

“உன் வாப்பா களப்பிலே வீச்சுவலை எறிவது எப்படி?” என்று கேட்டேன்.

செய்து காட்டினாள். முழங்கை உடலை ஒட்டியிருந்தது. முதலில் இடுப்புத் திரும்பிற்று. கைகள் கடைசியிலேதான் விரிந்தன.

“தடிக்கும் அதுவே முறை, மகள். பின்முழங்கை விலாவை ஒட்டி வரட்டும். பந்தைத் தொடும் வேளையில் மேற்கையின் உள்ளங்கை வானத்தையும், கீழ்க்கையின் உள்ளங்கை மண்ணையும் பார்க்கட்டும். தொட்ட பின்னரே கைகள் முழுதும் நீளட்டும்.”

முதற் பந்து தவறியது. இரண்டாவது தடியை உரசிற்று. மூன்றாவது அலையோரம் சென்று விழுந்தது. மறுநாள் அவளே முதலில் வந்து நின்றாள்.

வகுப்பறையிலும் எத்தனை பிள்ளைகளிடம் “இன்னும் முயற்சி செய்” என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்! குறை எங்கேயென்று பாராமற் சொல்லும் ஊக்கமொழி, பிள்ளைக்குப் பாரமே அன்றித் துணையாவதில்லை.