குழியில் விழுந்த கோலிக்குண்டும் பிளவில் புகுந்த கப்பலும்

புதுக்கோட்டைப் பக்கம் டீக்கடைப் பேச்சு வரலாற்றுக்குத் திரும்பினால் ஒரு கேள்வியில் வந்து முட்டும். 1799இல் திருக்களம்பூர்க் காட்டில் கட்டபொம்மனைப் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமானின் ஆட்கள் பிடிக்காமல் விட்டிருந்தால்? வெள்ளைக்காரன் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பான் என்பார் ஒருவர். "அட, இவர் விட்டா இன்னொருத்தர் பிடிச்சிருப்பாரு" என்பார் எதிர் பெஞ்சுக்காரர். கிளாஸ் காலியாகியும் பேச்சு தீராது. இருவரும் தெரியாமலே பேசிக்கொண்டிருப்பது ஓர் அறிவியல் புனைகதையை. மாற்றுக் காலக்கோடு என்று அதற்குப் பெயர்.

தொலைக்காட்சியில் இந்த வகைக்கு எது உச்சம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்' அத்தியாயத்தை. 1990 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. விண்வெளியில் ஒரு பிளவு தோன்றுகிறது. 22 ஆண்டுகளுக்கு முன் இருந்த இன்னொரு எண்டர்பிரைஸ் கப்பல், அடிபட்டுச் சிதைந்த நிலையில், அதற்குள்ளிருந்து வெளியே வருகிறது. அதே நொடியில் திரையில் வெளிச்சம் மங்குகிறது. கேப்டன் பிக்கார்டின் ஆய்வுக் கப்பல் போர்க்கப்பலாகிவிடுகிறது. நண்பர்களாக இருந்த கிளிங்கன் இனத்தவரோடு 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் போர். இன்னும் ஆறு மாதத்தில் தோல்வி நிச்சயம். கிளிங்கன் அதிகாரி வோர்ஃபைக் காணோம். முதல் பருவத்திலேயே இறந்துபோன 'டாஷா யார்' என்ற அதிகாரி, ஒன்றுமே நடக்காததுபோல் தன் இடத்தில் நிற்கிறாள். யாரும் திடுக்கிடவில்லை. அவர்கள் அறிந்த உலகம் அது ஒன்றுதான்.

அந்தப் பழைய கப்பல், 'நரேந்திரா-3' என்ற கிளிங்கன் குடியிருப்பைக் காக்கப் போரிட்டு அழிந்திருக்க வேண்டியது. (பெயரைக் கேட்டால் நம்மூர் நகர் ஒன்றின் மூன்றாம் தெரு போலிருக்கிறது.) பகைவனுக்காக உயிரைக் கொடுத்தார்களே என்ற மதிப்புதான் பின்னாளில் சமாதானமாக முளைக்கிறது. சாக வேண்டிய இடத்திலிருந்து கப்பல் விலகி வந்துவிட்டதால் சமாதானமும் இல்லாமல் போனது. இனி அவர்கள் திரும்பிப் போய்ச் செத்தால்தான் வரலாறு நேராகும். உலகத்தைக் காப்பது ஒரு தோல்வி என்று சொல்ல ஒரு தொலைக்காட்சித் தொடருக்குத் துணிச்சல் வேண்டும்.

ஒரு கப்பல் இடம் மாறியதற்கு இத்தனை பெரிய விளைவா? 1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ், ஏற்கெனவே ஓடிய ஒரு வானிலைக் கணக்கைப் பாதியிலிருந்து கணினியில் மறுபடி ஓட விட்டார். உள்ளே 0.506127 என்றிருந்த எண்ணை, அச்சில் வந்தபடி 0.506 என்று கொடுத்தார். வித்தியாசம் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கணினி இரண்டு மாத வானிலையைப் போட்டு முடித்திருந்தது. முந்தைய கணக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிறு மாற்றமும் எல்லாவற்றையும் புரட்டிவிடும் என்பது ஒரு கட்சி, அந்த அத்தியாயம் இந்தக் கட்சி.

ஆனால் உலகம் முழுக்க வானிலை அல்ல. குழிக்குள் கோலிக்குண்டை எந்த விளிம்பிலிருந்து உருட்டினாலும் கடைசியில் அடியில்தான் வந்து நிற்கும். எதிர் பெஞ்சுக்காரர் இந்தக் கட்சி. 1799ஐப் பொறுத்தவரை அவர் பக்கம்தான் நான் சாய்வேன். இரண்டே ஆண்டில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மறுபடி எழுந்தார், மருது சகோதரர்கள் கூட நின்றார்கள். 1801க்குள் எல்லாம் நசுக்கப்பட்டது. கும்பினியின் பீரங்கியும் வரிப்பணமும் வெட்டிய குழி ஆழமானது.

இயற்பியலில் மூன்றாவது கட்சியும் உண்டு. 1957இல் ஹியூ எவரெட் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்தது அது: குவாண்டம் நிகழ்வின் எல்லா விளைவுகளும் தனித்தனிக் கிளைகளாக நடக்கின்றன, எதுவும் அழிவதில்லை. அப்படியானால் பிக்கார்டின் போர் உலகம் மறையவே மறையாது. ஆனால் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றை எட்டிப் பார்க்க வழி இல்லை. காலப்பயணிகளாவது வருவார்களா என்று 2009 ஜூன் 28 அன்று ஸ்டீபன் ஹாக்கிங் விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

அந்த ஸ்டார் டிரெக் அத்தியாயத்தில் எனக்குக் குறையாகப் படுவது கைனன் என்ற பாத்திரம். கப்பலில் அவள் ஒருத்திக்கு மட்டும் 'இது சரியில்லை' என்று உள்ளுக்குள் தட்டுகிறது. அது கதாசிரியர்களின் குறுக்குவழி, அறிவியல் இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவதும் அவள்தான்.

புதுக்கோட்டையில் அப்படி உள்ளுக்குள் தட்ட ஒரு கைனன் தேவைப்படும் இடம் திருக்களம்பூர் இல்லை, மன்னர் கல்லூரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண் இடம் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்ந்த பெண் முத்துலட்சுமி. 1912இல் மருத்துவரானார், பிறகு சென்னை மாகாணச் சட்டசபையில் அமர்ந்தார், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அங்கிருந்த படுக்கைகள் 12.

மன்னர் அன்று வேண்டாம் என்றிருந்தால்? புற்றுநோய் மருத்துவமனை எப்படியும் ஒருநாள் வந்திருக்கும், அது கோலிக்குண்டு. எந்த ஆண்டில் என்பது வானிலை. 1954இல் வந்து அந்தப் படுக்கையில் படுத்தவருக்கு ஆண்டுதான் எல்லாம்.

அந்த இன்னொரு புதுக்கோட்டையிலும் மன்னர் கல்லூரியில் காலையில் மணி அடித்திருக்கும். பையன்கள் வகுப்புக்குப் போயிருப்பார்கள். டீக்கடையில் கட்டபொம்மனைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.