அளவுகோலை அளப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் அலகு அளவீடு. வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ., திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்று கற்பிக்கிறோம். இந்தப் பாடம் முடிந்ததும் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “திருகு அளவி சரியாக அளக்கிறதா என்று எதை வைத்துச் சோதிப்பீர்கள்?” “அதைவிட நுட்பமான கருவியை வைத்து” என்பார்கள். “அப்படியானால் அந்தக் கருவியை எதை வைத்துச் சோதிப்பது?” என்றால் வகுப்பு யோசிக்கத் தொடங்கிவிடும்.

துகள் இயற்பியல் ஆய்வகங்களில் இந்தக் கேள்வி அன்றாடம் எழுகிறது. அங்கே கண்டுபிடித்திருக்கும் விடையைப் புரிந்துகொள்ள நேர்கோடு, கழித்தல், சராசரி ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

சிலிக்கான் உணரியின் வேலை

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 27 கி.மீ. சுற்றளவுள்ள துகள் மோதுவி இருக்கிறது. புரோட்டான்கள் மோதும்போது சிதறும் துகள்கள் எந்த வழியாகச் சென்றன என்பதைக் காட்டுபவை, மோதல் நடக்கும் இடத்தைச் சூழ அடுக்கடுக்காக வைத்துள்ள சிலிக்கான் உணரிகள். அங்குள்ள சி.எம்.எஸ். என்ற கருவியில் மட்டும் ஏறத்தாழ 200 சதுர மீட்டர் பரப்புக்குச் சிலிக்கான் உண்டு.

குறைகடத்தி பற்றி மேல்நிலை வகுப்பில் படிப்பதுதான் இங்கே நடக்கிறது. மின்னூட்டம் கொண்ட துகள் சிலிக்கான் தகட்டை ஊடுருவும்போது வழியெல்லாம் எலக்ட்ரான் – துளை இணைகளை உண்டாக்கும். ஓர் இணைக்கு வேண்டிய ஆற்றல் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட். ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்குத் தோராயமாக 80 இணைகள் உருவாகும். 300 மைக்ரோமீட்டர் தகட்டில் இருபதாயிரத்துக்கும் மேல். அவை பின்னோக்குச் சார்பு மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு அருகிலுள்ள பிக்சலைச் சேர்கின்றன. எந்தப் பிக்சலில் சைகை வந்ததோ, துகள் அந்த வழியாகச் சென்றது என்று பொருள்.

மோதுவிக்குள் பொருத்தியபின் உணரியை நினைத்தபோது கழற்றிப் பழுது பார்க்க முடியாது. கடும் கதிர்வீச்சில் அது பல ஆண்டுகள் உழைக்கவும் வேண்டும். எனவே பொருத்துவதற்கு முன்பே அதன் தரம் தெரிந்தாக வேண்டும்.

சோதனைக் கற்றை

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள டெசி ஆய்வகம் இதற்குப் பெயர்பெற்ற இடம். அங்குள்ள முடுக்கியில் சுற்றிவரும் எலக்ட்ரான்களின் பாதையில் மிக மெல்லிய கார்பன் இழையை வைக்கிறார்கள். இழையில் பட்ட எலக்ட்ரான்கள் ஃபோட்டான்களை வெளிவிடும். அந்த ஃபோட்டான்கள் ஓர் உலோகத் தகட்டில் மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் இணைகளாக மாறும். ஒரு காந்தம் இவற்றை வளைத்து, வேண்டிய உந்தம் உள்ளவற்றை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறது. இப்படிக் கிடைக்கும் துகள்களின் ஆற்றல் ஏறக்குறைய 1 முதல் 6 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும்.

ஆறு தளங்கள், ஒரு நேர்கோடு

சோதிக்க வேண்டிய உணரியைக் கற்றையின் பாதையில் வைப்பார்கள். அதற்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று என ஏற்கெனவே நன்கறிந்த ஆறு சிலிக்கான் தளங்கள் இருக்கும். இந்த அமைப்பைத் தொலைநோக்கி என்றே அழைக்கிறார்கள். இதில் லென்சு எதுவும் கிடையாது. ‘யூடெட்’ வகைத் தொலைநோக்கியின் ஒவ்வொரு தளத்திலும் 1152 × 576, அதாவது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் உண்டு. ஒரு பிக்சலின் பக்கம் 18.4 மைக்ரோமீட்டர். தளத்தின் தடிமன் 50 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமன் அளவுதான். தளம் தடித்தால் துகள் அதன் அணுக்களால் திசை விலகும், பாதை நேர்கோடாக இராது என்பதால்தான் இந்த மெல்லிய தகடு.

ஒரு துகள் கடக்கிறது. ஆறு தளங்களும் ஆறு புள்ளிகள் தருகின்றன. அவற்றுக்குப் பொருத்தமான நேர்கோட்டை வரைந்து, நடுவிலுள்ள உணரியை அது எந்த இடத்தில் வெட்டுகிறது என்று கணிக்கிறார்கள். பிறகு அந்த உணரி காட்டிய இடத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எச்சம் என்று சொல்லலாம். பல்லாயிரம் துகள்களுக்கு இப்படிச் செய்தால் மூன்று செய்திகள் கிடைக்கும்.

முதலாவது, எச்சங்களின் சராசரி சுழியாக இல்லாமல் ஒரு பக்கம் விலகியிருந்தால், உணரி இடம் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது. இது நாம் கற்பிக்கும் சுழிப்பிழையேதான், கண்டறிந்து திருத்திவிடலாம். இரண்டாவது, எச்சங்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பது. கணிப்பிலும் சிறிது பரவல் இருக்கும்; அதன் பங்கை நீக்கினால் மிஞ்சுவது உணரியின் நுட்பம். மூன்றாவது, துகள் கடந்ததாகக் கோடு சொல்லியும் உணரி எதுவும் காட்டாத நேரங்கள். ஆயிரத்தில் பத்து முறை தவறவிட்டால் அதன் திறன் 99 விழுக்காடு.

ஆறு தளங்கள் சரியானவை என்று யார் சொன்னது? இங்கேதான் நம் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. ஒரு தளத்தை விலக்கிவைத்து, மற்ற ஐந்தைக் கொண்டு கணித்து, அதன் எச்சத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த முறை வேறொரு தளம் விலகும். எல்லாவற்றுக்கும் மேலான ஒரு கருவி தேவைப்படவில்லை. ஒன்றையொன்று சோதிக்கும் ஆறு கருவிகள் போதும். தனித்தனியே ஒவ்வொரு தளத்தின் நுட்பமும் சுமார் 3.2 மைக்ரோமீட்டர். ஆறும் சேர்ந்தால், ஏற்ற அமைப்பில், நடுவில் 2 மைக்ரோமீட்டருக்கும் நுட்பமாகக் கணிக்கலாம். திருகு அளவியின் மீச்சிற்றளவு 10 மைக்ரோமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பள்ளி மைதானத்தில்

இதே முறையைச் சுண்ணாம்புத் தூளும் ரப்பர் பந்தும் கொண்டு எங்கள் பள்ளியில் செய்துவருகிறோம். ஒரு மீட்டர் இடைவெளியில் ஆறு இணைகோடுகள் போட வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் 10 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து எண்ணிட வேண்டும். கோட்டுக்கு ஒரு மாணவர். பந்தை உருட்டினால், தம் கோட்டை எந்தக் கட்டத்தில் கடந்தது என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதுவார். நான்காம் கோட்டின் சீட்டு மட்டும் மடித்தபடி இருக்கும். மற்ற ஐந்து எண்களையும் வரைபடத்தாளில் குறித்து, கோடு வரைந்து, நான்காம் கோட்டுக்குரிய எண்ணைக் கணித்தபின் சீட்டைப் பிரிக்க வேண்டும்.

ஒரு முறை நான்காம் கோட்டில் நின்ற ஏழாம் வகுப்பு மாணவியின் எண், உருட்டிய ஒவ்வொரு முறையும் கணிப்பைவிட ஒன்று குறைவாகவே வந்தது. “ஒன்று கூட்டி எழுதிடு” என்றார்கள் தோழிகள். அவள் மாற்றவில்லை. “நான் சரியாத்தான் பார்த்தேன் டீச்சர், கோடுதான் தள்ளியிருக்கு” என்றாள். நாடா வைத்து அளந்தோம். நான்காம் கோட்டின் முதல் கட்டம் 10 செ.மீ. தள்ளித் தொடங்கியிருந்தது. இன்னொரு நாள் எச்சங்கள் இருபுறமும் தாறுமாறாகச் சிதறின. பாதையில் கிடந்த சிறு கற்கள்தான் காரணம். தளங்கள் ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொடக்க வகுப்புகளில் கணிப்பதும் கழிப்பதும் போதும். எட்டாம் வகுப்பில் நிகழ்வெண் பட்டியல் தயாரிக்கலாம். பத்தாம் வகுப்பில் நேர்கோட்டின் சமன்பாட்டையும் திட்டவிலக்கத்தையும் சொந்தத் தரவுகளைக் கொண்டே கற்பிக்கலாம்.

வேறுபாட்டுக்கு ஒரு பத்தி

நம் செய்முறை ஏடுகளைப் புரட்டினால், எல்லோருக்கும் ஒரே விடை இருப்பதைக் காணலாம். “சரியான” மதிப்பு வரும்படி அளவீடுகளைத் திருத்தும் பழக்கம் பிள்ளைகளிடம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த மாணவி ஒன்று கூட்டி எழுதியிருந்தால் கோடு தள்ளியிருப்பது கடைசிவரை தெரிந்திருக்காது. டெசி ஆய்வகத்தில் ஒருவர் எச்சங்களை அழித்துச் சுழியாக்கினால், குறையுள்ள உணரி மோதுவிக்குள் போய்ச் சேரும்.

எனவே ஒரு சிறு மாற்றத்தை முன்வைக்கிறேன். செய்முறை ஏட்டின் அட்டவணையில் எதிர்பார்த்தது, அளந்தது, வேறுபாடு, காரணம் என நான்கு பத்திகள் இருக்கட்டும். கடைசிப் பத்திக்கும் மதிப்பெண் கொடுப்போம்.

ஆர்வமுள்ள மேல்நிலை மாணவர்களுக்கு உண்மையான கற்றையும் எட்டாத ஒன்றல்ல. 16 வயது நிறைந்த பள்ளி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து சோதனைத் திட்டம் எழுதி அனுப்பும் போட்டியைச் செர்ன் 2014 முதல் நடத்துகிறது. வெல்லும் குழு கற்றையில் தன் சோதனையைத் தானே செய்யலாம். 2018-இல் வென்ற இரு குழுக்களில் ஒன்று மும்பை மாணவர்களுடையது. மறு ஆண்டு வென்றவர்கள் டெசி ஆய்வகத்திலேயே சோதனை செய்தார்கள். குழுவுக்கு வழிகாட்டியாகப் பெரியவர் ஒருவர் வேண்டும். அந்த இடம் ஓர் ஆசிரியருக்கு மிகவும் பொருத்தமானது.