ஊணும் உழைப்பும்

உடல் பருத்தோர் உணவைக் குறைத்துப் பயிற்சியும் மேற்கொள்வாராயின், முதற் சில கிழமைகளில் எடை விரைந்து இறங்குதலும், பின்னர் அவ்விறக்கம் தடைப்பட்டு நிற்றலும் இயல்பு. நின்றவிடத்து ஒரு சாரார் முயற்சியைக் கைவிடுவர். மற்றொரு சாரார் பட்டினி கிடப்பர். இரண்டும் தடையின் காரணத்தை அறியாமையால் விளைவன.

பதுளைப் பகுதியின் மேடுபள்ளம் அக்காரணத்தை விளக்க உதவும். 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 200 மீற்றர் உயரம் ஏறுவதற்குச் செலவிடும் சத்தி ஏறக்குறைய 150 கலோரி. அவரே 70 கிலோகிராமாக மெலிந்தபின் அதே ஏற்றத்துக்கு 130 கலோரியளவே போதும். பாதையும் மாறவில்லை, முயற்சியும் குன்றவில்லை. சுமக்கப்படும் உடலே சிறுத்துவிட்டது. ஓய்ந்திருக்கும்பொழுதும் சிறிய உடலுக்கு வேண்டுவது சிறிதே. ஆதலின், முன்பு குறையாயிருந்த உணவு இப்பொழுது செலவுக்கு ஒத்ததாகிவிடுகின்றது.

இதனோடு உடலின் சிக்கனமும் சேரும். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பார், தாமாக முன்வந்த 36 ஆண்களை 24 கிழமை அரைவயிற்று உணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்தம் எடை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. அடிப்படை அனுசேபமோ நூற்றுக்கு நாற்பதளவு வீழ்ந்தது. நாடி தளர்ந்தது, குளிர் பொறாமை, சோர்வு, ஓயாத உணவு நினைவு ஆகியன தோன்றின. பட்டினியை இறுக்குந்தோறும் உடல் தன் செலவை இறுக்கிக்கொள்ளும் என்க.

உழைப்பைப் பற்றிய சான்று நமக்கு அண்மையிலேயே உண்டு. மேற்கு வங்கச் சணல் ஆலையொன்றைச் சார்ந்த 213 ஆண்களின் உணவையும் எடையையும் ஆராய்ந்து, ஜீன் மேயரும் அவர்தம் கூட்டாளரும் 1956இல் வெளியிட்டனர். கடும் உழைப்பாளர் மிகுதியாக உண்டும் மெலிந்தே இருந்தனர். இருந்தவிடத்திலேயே தொழில் செய்த கடைக்காரரும் இலிகிதரும் ஏறக்குறைய அவர்களைப் போலவே உண்டு பருத்திருந்தனர். உழைப்பு ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கியபின் பசி அதனோடு இறங்குவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஊவாத் தோட்டங்களிற் பிறந்து, கல்வியால் உயர்ந்து, பதுளை, பண்டாரவளை நகரங்களில் அலுவல் பார்ப்போர் இதனைத் தம் வீட்டிலேயே காணலாம். கூடை சுமந்து நாள்முழுதும் சரிவிற் கொழுந்து கொய்த தாய்க்கு வேண்டியிருந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சீனியிட்ட தேநீரும் மகனுக்கும் குறைவின்றி வருகின்றன. சரிவு மட்டும் வருவதில்லை. (இஃது இகழ்ச்சியன்று, வறுமையில் வயிறு நிரப்பிய உணவின்மேற் பற்றிருத்தல் இயற்கையே.) 100 கிராம் கோதுமை மாவில் தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுட்ட ரொட்டி 400 கலோரியளவு தரும். 70 கிலோகிராம் எடையுடையார் சமதரையில் 5 கிலோமீற்றர் நடப்பின், ஓய்வுச் செலவுக்கு மேலாக எரிவது 180 கலோரியளவே. களைத்து வந்து இன்னுமொரு ரொட்டி எடுப்பாரின் கணக்கு எப்பக்கம் சாயுமென்று கூறவேண்டுவதில்லை.

ஆயினும், பயிற்சி பயனற்றதெனக் கொள்ளற்க. இழந்த எடை மீளாமற் காப்பதிலும் தசையைப் பேணுவதிலும் அதற்கு ஈடில்லை.

முதலில், தடை உண்மையானதா என்று காண்க. உப்பு மிகுந்த உணவாலும் புதிய பயிற்சியாலும் நீர் தங்கி எடை அசையாதிருக்க, இடுப்பளவு குறைந்துகொண்டிருத்தலும் உண்டு. நான்கு கிழமையாக இரண்டும் அசையாவிடின், ரொட்டியிற் பாதியையும் தேநீரிற் சீனியையும் குறைத்து, அவ்விடத்தைப் பருப்பு, முட்டை, கீரை ஆகியவற்றால் நிரப்புக. நாள்தோறும் நடப்பதோடு, கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்க. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேட்டபின்னரே இம்மாற்றங்களைத் தொடங்கல் வேண்டும். உணவு குறைந்து மருந்து குறையாதவிடத்து, குருதியில் வெல்லம் ஆபத்தான அளவுக்கு வீழ்தல் கூடும்.