யாழ்ப்பாணத்து வளவில் ஓர்க்கிட்

பூஞ்செடி வளர்ப்போர் நம்மிடையே என்றும் குறைந்தாரல்லர். சிறு வளவிலும் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் மல்லிகைப் பந்தரும் இருக்கக் காண்கின்றோம். ஆயின் ஓர்க்கிட் என்றதும், அது கண்டிக்கும் பேராதனைக்கும் உரியது, எங்கள் வெயிலுக்கு நில்லாது என்று கூறிக் கைவிட்டு விடுகின்றனர். இக்கூற்றுப் பாதியே மெய். மலைநாட்டிலிருந்து விரும்பிக் கொண்டுவரப்படுஞ் செடிகள் பல இங்கு நெடுநாள் நிற்பதில்லை என்பது உண்மை. ஆனால், அவற்றை மடிவிப்பது வெயில் மாத்திரமன்று. பெரும்பாலும் நமது கிணற்று நீரே அதனைச் செய்கின்றது.

வெயிலையும் வரட்சியையுந் தாங்கப் பிறந்த ஓர்க்கிட் ஒன்று இலங்கையின் வறண்ட வலயத்துக் காடுகளிலேயே உண்டு. வாண்டா தெசலாட்டா என்பது அதன் தாவரவியற் பெயர். இந்தியாவிலும் பர்மாவிலும் அது வளரும். தோல் போலத் தடித்து வார் போல நீண்ட இலைகள் இரு வரிசையாய் அடுக்கி நிற்கும். மஞ்சளும் பச்சையுங் கலந்த இதழ்களிலே கபில நிறக் கோடுகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும், நடுவே நாக்குப் போன்ற இதழ் ஊதா நிறமாய் இருக்கும், நறுமணமும் உண்டு. கட்டங் கட்டமான இந்தக் கோலத்தை நோக்கியே உறொக்ஸ்பேக் என்னும் அறிஞர் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தமது நூலில், 1795 இல், இதற்குத் 'தெசலாட்டம்' என்னும் அடைமொழியை இட்டார். வாண்டா என்பதோ வடமொழி 'வந்தா' என்பதன் திரிபு. மலையாளத்தார் இவ்வினச் செடிகளை மரவாழை என்பர். அது நமக்கும் விளங்குஞ் சொல்லாதலின் நாமும் ஆளலாம்.

மரத்தின்மேல் வளர்வதால் இதனைக் குருவிச்சையென எண்ணி வெட்டி எறிவாரும் உளர். குருவிச்சை தான் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. மரவாழையோ மரத்தை இருக்கையாக மாத்திரங் கொள்வது. உணவும் நீரும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பட்டையில் வழிந்து வருவனவற்றிலிருந்துமே பெறும். இரவிலே இலைத்துளைகளைத் திறந்து காபனீரொட்சைட்டைச் சேமித்துக்கொண்டு, பகலில் அவற்றை மூடிவைத்து நீரிழப்பைத் தவிர்க்கும் திறமும் அதற்கு உண்டு.

அதன் வேரை உற்று நோக்க வேண்டும். உலர்ந்தபோது வெண்சாம்பல் நிறமாயிருக்கும் அவ்வேர், நீர் பட்ட சிறு பொழுதிலே பச்சையாகும். வேரைச் சுற்றியுள்ள கடற்பஞ்சு போன்ற உறை நீரை உறிஞ்சிக்கொள்வதே அந்த நிறமாற்றத்திற்குக் காரணம். அந்த உறை நீரை மாத்திரமன்று, நீரிற் கரைந்துள்ள அனைத்தையும் ஏற்கும். நமது குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேற் கிடப்பது. நம் கிணற்று நீர் அப்பாறையின் வெடிப்புகளிற் தங்கிய மழையே. வீட்டுக் கேத்தலின் அடியிற் படியும் வெண்படையைக் கண்டோர், அதே படை ஓர்க்கிட்டின் வேரிலே நாடோறும் படிவதை எண்ணிப் பார்க்கலாம். சில மாதங்களில் வேர்நுனி கறுக்கும், இலை வெளிறும், பசளை போதாதென்று மயங்கி மேலும் பசளை இடுவோம், செடி விரைந்து மடியும். கடலோரத்து உவர்க் கிணறுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே மழைநீரைச் சேமித்தல் வேண்டும். நமக்கு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய ஒன்பது மாதத்திற்கும் வைப்பு வேண்டும். கணக்கு அச்சுறுத்துவதன்று. 10 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 100 லீற்றர் பீலியில் வழியும். நான்கு செடிகளுக்கு நாளொன்றுக்கு 2 லீற்றர் வீதம் 270 நாளுக்கு 540 லீற்றர். 200 லீற்றர்ப் பீப்பாய் மூன்று போதும். நுளம்பு பெருகாவண்ணம் அவற்றை நன்கு மூடிவைத்தல் இன்றியமையாதது. நீர் தீர்ந்துவிடின், நன்னீர்க் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியிற் படிந்ததை விடுத்துத் தெளிவை வடித்து ஊற்றலாம். உவர்நீருக்கு இவ்வுபாயம் பலியாது.

மற்றவை எளியன. மண் வேண்டா, எருவில் நடுதல் கூடவே கூடாது. மாமரமோ வேம்போ தகும். பட்டை உரிக்குங் கொய்யா தகாது. காலை வெயில் படும் கீழ்ப்புறத்தில், மாரி தொடங்குங் காலத்தில், துணிக் கீலத்தாற் செடியைக் கட்டிவிட்டால் அம்மழையிலேயே வேர் பற்றிக்கொள்ளும். மரமில்லாதார் மரச்சலாகைக் கூடையில் ஊமற்கரியும் ஓட்டுத்துண்டும் இட்டுத் தொங்கவிடலாம். சோழகம் வீசும் மாதங்களிற் காற்று வேரை விரைந்து உலர்த்துமாதலால் காலையிலும் பிற்பகலிலும் நீர் தெளிக்க வேண்டும். மாரியிலோ இடர் வேறு. செடிக்கு வளர்நுனி ஒன்றே. அதன் குருத்திலே நீர் தேங்கினால் அழுகும். அடைமழை நாட்களிற் கூடையைத் தாழ்வாரத்துள் எடுத்துவைத்தல் நன்று. பசளையை மிக நீர்த்து, இரு வாரத்துக்கொரு முறை இட்டாற் போதும்.

செடியை எங்கே பெறுவது என்பதே கடினமான வினா. காட்டிற்குச் சென்று பிடுங்கி வருதலை நாம் வன்மையாக மறுக்கின்றோம். ஓர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவு வைப்பில்லாதது. முளைக்குங்கால் ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையை அது வேண்டி நிற்பதைப் பிரான்சிய அறிஞர் நோயெல் பேர்னாட் 1899 இல் கண்டார். அமெரிக்கராகிய லூயிஸ் நட்சன், பூஞ்சணமின்றியே சர்க்கரை கலந்த ஏகாரில் விதைகளை முளைப்பித்து, அம்முறையை 1922 இல் வெளியிட்டார். இன்று நாற்றுமேடைகளில் விற்கப்படுஞ் செடிகளுட் பல அவர் வழிவந்த முறையிற் குப்பியிற் பிறந்தவை. காட்டிலோ இலட்சக்கணக்கான விதைகளுள் ஒன்றிரண்டே தகுந்த பட்டையையும் பூஞ்சணத்தையும் அடைந்து, பல்லாண்டு சென்று பூப்பன. அத்தகைய ஒரு செடியைப் பிடுங்குதல் அரை நிமிட வேலை. ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் 1979 இற் சேர்ந்தது.

குப்பியிற் பிறந்த செடியொன்றை வாங்கி வளர்த்தாற் போதும். அது உயர்ந்து நடுத்தண்டிலும் வேர்விட்டபின், மூன்று நான்கு வேரேனும் மேற்றுண்டில் அமையுமாறு கூரிய கத்தியால் அறுத்து வேறாகக் கட்டலாம். வெட்டுவாயில் மரக்கரித் தூளைப் பூசிச் சில நாள் நீர் படாமல் வைத்தால், அடித்துண்டிலும் புதுக் குருத்து வெளிவரும்.