கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூர்: நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிரிஞ்சாங் - பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிறவர்களில் பலர் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. பெரிய மருத்துவமனையில் பரிசோதனை, பிள்ளைக்குப் பல்கலைக்கழகப் பதிவு, வேலைக்கான நேர்முகம், உறவினர் வீட்டுத் திருமணம், பத்துமலைத் தைப்பூசம் என்று ஏதாவது ஒரு காரியம் இருக்கும். காரியம் முடியும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடும். பிள்ளைகளுக்குப் பசி, பெரியவர்களுக்குக் கால் வலி. கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். சாப்பாடு எப்படி இருந்தது என்பது பில் வந்த பிறகுதான் உறைக்கிறது.

இது சின்ன விஷயமல்ல. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு 6 நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். ஐந்து பேர் கொண்ட குடும்பம் தலைக்கு 20 ரிங்கிட் என்று சாப்பிட்டு எழுந்தால் 100 ரிங்கிட், அதாவது ஒன்றரை நாள் உழைப்பு. நல்ல சாப்பாட்டுக்கு அதைக் கொடுக்க யாரும் தயங்கப்போவதில்லை. ஆறிப்போன குழம்புக்கும் அப்பளம்கூட நமுத்துப்போன இலைக்கும் கொடுக்கும்போதுதான் மனம் கேட்காது.

கோலாலம்பூரில் தமிழர் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. தமிழர்கள் எங்கே வேலை பார்த்தார்களோ, எங்கே வழிபட்டார்களோ, அங்கேதான் அவர்களின் சமையலும் தங்கியிருக்கிறது. ரயில்வேக்காரர்கள் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இருந்தார்கள். வட்டித்தொழில் செய்த நகரத்தார் லெபோ அம்பாங்கில் இருந்தார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1863-இல் தொடங்கிய மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலைச் சுற்றி இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் ஊர்ச் சமையலைக் கொண்டுவந்தது. அதனால் 'இந்தியச் சாப்பாடு' என்று பொதுவாகத் தேடினால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். இடம் அறிந்து தேடினால் சுவையும் வேறு வேறாக இருக்கும்.

பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு வசதி. தானா ராத்தாவிலிருந்து கிளம்பும் பேருந்து பண்டார் தாசிக் செலாத்தானில் உள்ள டி.பி.எஸ். முனையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்தே எல்.ஆர்.டி. ஏறலாம். செந்தூல் தீமோர் போகும் அந்த ஒரே ரயில் மஸ்ஜித் ஜாமெக், தித்திவங்சா, செந்தூல் ஆகிய மூன்று நிலையங்களையும் தொட்டுச் செல்கிறது. நடுவில் மாற வேண்டியதில்லை.

மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கினால் லெபோ அம்பாங் நடக்கிற தூரம்தான். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பழைய தெரு அது. சைவச் சாப்பாடும் செட்டிநாட்டுச் சமையலும் அங்கே இன்னும் உண்டு. மாடியில் இயங்கும் 'பீட்டல் லீஃப்' உணவகம் செட்டிநாட்டுச் சமையலுக்குப் பெயர் பெற்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செட்டிநாட்டுச் சமையல் என்றால் வெறும் காரம் என்று பலர் நினைக்கிறார்கள். மிளகு, சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ ஆகியவற்றின் வாசனைதான் அதன் அடையாளம். மிளகாய் மட்டும் நாக்கைச் சுட்டால் அது பெயர்ப்பலகையில் மட்டுமே செட்டிநாடு.

அதே நிலையத்தின் இன்னொரு பக்கம் மஸ்ஜித் இந்தியா சாலை. 2024 ஆகஸ்டில் நடைபாதை உள்வாங்கிய சம்பவத்துக்குப் பிறகு அங்கே வியாபாரம் படுத்துவிட்டதாகக் கடைக்காரர்கள் வருந்தினார்கள். துணி எடுக்கப் போகிறவர்கள் அங்கேயே சாப்பிடுவது வழக்கம். மாமாக் கடைகளும் நாசி கண்டாரும் இந்தப் பகுதியின் பலம். 'மாமா' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் 'மாமாக்' வந்தது. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகச் சுமந்து, தெருத்தெருவாகவும் துறைமுகத் தொழிலாளர்களிடமும் விற்றதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. ஜார்ஜ்டவுனில் 1907-இல் தொடங்கிய 'ஹமீதியா' இன்றும் நடக்கிறது. காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறுகிற பழக்கம், நாசி லெமாக்குடன் சேர்த்து, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தோட்டத்து மக்களுக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் மாவு பிசைந்து வீசுகிற அந்தக் கைகளுக்கு உலகம் பெயர் சொல்ல இவ்வளவு காலமாயிற்று.

மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தித்திவங்சாவில் இறங்கி எம்.ஆர்.டி. மாறினால் அடுத்த நிலையமே கோலாலம்பூர் மருத்துவமனை. 2023-இல் அந்த நிலையம் திறக்கப்பட்டதால் டாக்சிச் செலவு மிச்சம். மருந்து வாங்க நேரமாகும் என்றால், அல்லது மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையில் இடம் இல்லையென்றால், தித்திவங்சாவிலிருந்து ஒரே நிலையம் தள்ளி செந்தூல் இருக்கிறது. ரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த இடம். அலங்கார வளைவு, வண்ண விளக்கு எதுவும் கிடையாது. சுற்றுப்பயணிகளும் அதிகம் வருவதில்லை. அதனால் அங்கே கடை நடத்துகிறவர் அக்கம்பக்கத்து ஆட்களை நாளைக்கும் வரவைக்க வேண்டும். மட்டன் பெரட்டல், மீன் குழம்பு, ரசம் என்று வீட்டுச் சமையலுக்கு நெருக்கமாகச் சாப்பிட விரும்புகிறவர்களுக்குச் செந்தூல் பொருந்தும்.

பிரிக்பீல்ட்ஸ் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டி.பி.எஸ்.-இலிருந்து கே.டி.எம். கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்தால் போதும். 2010 அக்டோபர் 27-ஆம் நாள் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தபோது 'லிட்டல் இந்தியா'வாக அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. துன் சம்பந்தன் சாலையின் வளைவும் பூக்கடைகளும் படமெடுக்க நன்றாக இருக்கும். சாப்பிட வேண்டுமென்றால் உள் சாலைகளுக்குள் போவது நல்லது. ஸ்காட் சாலையில் உள்ள 'விஷால்' வாழை இலைச் சாப்பாட்டுக்கு நெடுங்காலமாக அறியப்பட்ட கடை. பாடாங் பெலியா சாலையில் 'யாழ்' உணவகம் இருக்கிறது. ரயில்வே எழுத்தர்களாக வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் இந்தப் பகுதியில் குடியிருந்தார்கள். ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயில் அவர்கள் கட்டியது. வறுத்து இடித்த கறித்தூள், தேங்காய்ப்பால் சொதி, பிட்டு ஆகியவற்றைக் கொண்ட அந்தச் சமையல் கேமரன் மலையில் எளிதில் கிடைக்காது. இட்லி, தோசையைக் கோலாலம்பூர் வரை போய்ச் சாப்பிடுவதைவிட இதைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைக்குள் நுழையும் முன்

கைப்பேசியில் நட்சத்திர மதிப்பைப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அதில் தவறில்லை. ஆனால் நட்சத்திரத்தைவிட வாடிக்கையாளர்கள் போட்ட படங்கள் பயனுள்ளவை. விலைப்பட்டியல், பில், இலையில் விழுந்த அளவு எல்லாம் அதில் தெரியும். அண்மைய மூன்று மாதத்துக் கருத்துகளை மட்டும் பார்க்க வேண்டும். சமையற்காரர் மாறினால் கடையே மாறிவிடும். ஐந்து வருடத்துக்கு முந்தைய பாராட்டு இன்றைய குழம்புக்கு உதவாது.

ஆளிடம் கேட்பதென்றால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "இங்க நல்ல கடை எது?" என்றால் வெளியூர்க்காரருக்குக் காட்டுகிற கடையைக் காட்டுவார்கள். "அண்ணே, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" என்று பூக்கடைக்காரரிடமோ கோயில் வாசலில் இருப்பவரிடமோ கேட்டால் வேறு பதில் வரும். நேரமும் முக்கியம். இலைச் சாப்பாடு பகல் 12 மணிக்கு முன் போனால் கூட்டும் பொரியலும் சூடாக இருக்கும். இரண்டரை மணிக்கு மேல் மிச்சம்தான்.

சுவரில் ஊராட்சி மன்றம் கொடுத்த ஏ, பி, சி தூய்மைச் சான்று தொங்கும். சி என்றால் யோசிக்கலாம். எலி, கரப்பான் தொல்லை மோசமாக இருந்தால் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி 14 நாள் வரை கடையை மூடும் அதிகாரம் அதிகாரிகளுக்கு உண்டு. பெயர் பெற்ற கடைகளும் இதில் மாட்டியிருக்கின்றன.

பில் எப்படி ஏறுகிறது?

வாழை இலைச் சாப்பாட்டில் சோறு, காய்கறி, ரசம், மோர், அப்பளத்துக்கு ஒரு விலை. சோறும் காய்கறியும் மறுபடி கேட்டால் பெரும்பாலான கடைகளில் காசு இல்லை. கறி, மீன், நண்டு, கணவாய் எல்லாம் தனித்தனி. சர்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "இது வேணுமா, அது வேணுமா" என்று கேட்கும்போது பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள். பில் அங்கேதான் ஏறுகிறது. மீன் தலையும் நண்டும் அளவைப் பார்த்து விலை போடுபவை. எடுக்கும் முன் விலை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலையை எழுதி வைப்பது கடைக்காரரின் சட்டப்படியான கடமை.

நாசி கண்டாரில் இன்னும் கவனம் தேவை. முகப்பில் இருப்பவர் தட்டைப் பார்த்ததும் கணக்குச் சொல்லிவிடுவார். இறாலும் கணவாயும் வாங்கும் முன் விலை கேட்டுக்கொள்வது நல்லது. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொன்னால் கூடுதல் காசு இல்லை, அந்தச் சாப்பாட்டின் ருசியே அதில்தான் இருக்கிறது.

பில்லில் 6 விழுக்காடு சேவை வரி இருந்தால் எஸ்.எஸ்.டி. பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேட்கலாம். 10 விழுக்காடு 'சர்விஸ் சார்ஜ்' அரசாங்க வரி அல்ல, கடை வாங்குவது. இரண்டும் சேர்ந்தால் 100 ரிங்கிட் சாப்பாடு 116 ஆகிவிடும். குளிரூட்டிய கடைகளில் இதை உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று: இலையில் விழும் அந்தக் கோபிஸ் பொரியல் முந்தின இரவு பிரிஞ்சாங்கிலிருந்து லோரியில் இறங்கியதாகவே இருக்கலாம். மலையில் விளைந்ததை அங்கே போய்க் காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம்.

ஊர் திரும்பும்போது பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்வது. கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தா வரப் பேருந்துக்கே ஏறத்தாழ அவ்வளவு நேரமாகும். சொதி, தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு கெட்டுவிடும். தாப்பா வழி வளைவுகளில் கொழுப்பான மட்டனைச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் வயிற்றுக்கு நல்லதல்ல. முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம் தாங்கும். சொந்த வண்டியில் ஈப்போ, சிம்பாங் பூலாய் வழியாக ஏறுகிறவர்கள் புந்தோங்கில் நிறுத்தலாம். கச்சாங் பூத்தேவுக்கு நாடு முழுவதும் பெயர் போன தமிழர் குடியிருப்பு அது. வறுத்த கடலையும் பட்டாணியும் முறுக்கும் நிறுத்து வாங்கலாம். வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வரும்.