நுரையீரல் புற்றுநோயில் செவிலியரின் ஊழியம்



சேர்வராயன் மலைக்கிராமங்களில் விடாத இருமல் என்றால் காசநோய் என்றே எண்ணுகிறோம். நம் நாட்டில் அந்நோய் மிகுதியாயிருப்பதால் அது இயல்பே. ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கும் இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு ஆகியவையே அடையாளங்கள். காசநோய் மாத்திரையிலேயே மாதங்கள் கழிந்து, தாமதமாய் உண்மை தெரியவருகிறவர்கள் அநேகர். பீடி, சிகரெட்டே முக்கிய காரணம். புகைபிடிக்காதவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

நோய் தெரிந்தபின் ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் வழியே சேலத்திற்கோ, அதற்கும் அப்பால் வேலூருக்கோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகவேண்டும். ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் இடையே பல நாட்கள் வீட்டில்தான். அந்நாட்களில் துணைநிற்பவரே இந்நோய்க்கென்று பயிற்சி பெற்ற செவிலியர்.

டாக்டர் கூறியதை அவர் வீட்டாருக்கு விளங்கும்படி மறுபடி சொல்லுகிறார். கீமோதெரபிக்குப்பின் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். முகமும் கழுத்தும் வீங்கினாலும், கால்கள் பலமிழந்தாலும் அப்படியே. மூச்சுத்திணறும்போது முன்சாய்ந்து உட்காரவும், விசிறியால் முகத்திற்குக் காற்று தரவும் பழக்குகிறார். டாக்டர் எழுதித்தரும் மார்பின் மருந்தைக் குறித்த பயத்தை நீக்கி, அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து எடுக்க நினைவூட்டுகிறார்.

இதன் பலனுக்குச் சான்று உண்டு. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் நடுத்தர ஆயுள் 8.9 மாதம். தொடக்கமுதலே டாக்டரும் செவிலியரும் அடங்கிய வலிதணிப்புக் குழுவின் பராமரிப்பையும் பெற்றவர்களுக்கு 11.6 மாதம். அவர்களிடம் மனச்சோர்வும் குறைவாயிருந்தது.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இல்லந்தோறும் வலிதணிப்புப் பராமரிப்பு இடம்பெற்றுள்ளது. ஆயினும் சிதறிக் கிடக்கும் மலைக்கிராமங்களுக்கு இன்னும் கரங்கள் தேவை.

நல்ல சமாரியன் காயங்கட்டியதோடு நில்லாமல், சத்திரக்காரனிடம் பணங்கொடுத்துப் பராமரிப்பு தொடரும்படி செய்தான். உங்கள் காணிக்கையும் அவ்வாறே செவிலியரின் பயிற்சிக்கும் மலைப்பயணத்திற்கும் உதவும். அவர்களுக்காகவும், மூச்சுக்குப் போராடும் நம் சகோதர சகோதரிகளுக்காகவும் ஜெபத்தில் தாங்குங்கள்.